கரை ஒதுங்கிய பிணமும் மூன்று பெண் அதிகாரிகளும்

நாற்பது பக்கம் எழுதி முடித்திருந்தேன். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு கற்பனை மீனவ ஊர். விடிகிற நேரத்தில் கரையில் ஒரு பெண்ணின் சடலம். ஜீப்பில் வந்து இறங்கும் மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர். எனக்கே பிடித்திருந்தது. சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் போலீசில் இருந்து எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக, ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பாதிக்கு மேல், நிலையத்துக் காகிதங்களை எழுதும் ஸ்டேஷன் ரைட்டராகவே கழித்தவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மூன்று பக்கம் படித்தார். நாலாவது பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏந்தாயி, மகளிர் ஸ்டேஷன் அம்மா இங்க எதுக்கு வருது? இது யாரு கேஸு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த நாற்பது பக்கமும் அன்றைக்கே பழைய பேப்பர் கட்டுக்குப் போய்விட்டது.

துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தனியார் துப்பறிவாளர் எங்கே வேண்டுமானாலும் போவார், யாரையும் கேள்வி கேட்பார், கடைசியில் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துக் கொலைகாரனைக் காட்டுவார். போலீஸ் நாவலில் அது நடக்காது. யார் புகார் கொடுத்தது, எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், விசாரணை அதிகாரி யார், சடலத்தை எந்த மெமோவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்ற காகிதங்கள்தான் கதையை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே நாயகி கெட்டிக்காரியா, தனிமையில் வாடுகிறவளா என்பதெல்லாம் அப்புறம். அவளுக்கு எந்த நிலையத்தில் போஸ்டிங் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டு மாதம் இதிலேயே உழன்றேன். ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு போலீஸ் நாவல் எழுத நினைக்கும் வேறு யாருக்காவது உதவும் என்றுதான் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கழித்துக்கட்டியது ஐ.பி.எஸ். நாயகியை. தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973ல். தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி திலகவதி 1976ல் பணிக்கு வந்தார். சாகித்திய அகாதமி விருது வாங்கிய எழுத்தாளரும் அவரே. நிஜ வாழ்க்கையில் அப்படி ஒரு ஆள் இருக்கும்போது கற்பனையில் என்ன குறை என்று கேட்கலாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்.பி. ஒரு கொலையை விசாரிப்பதில்லை, விசாரிக்கச் சொல்கிறார். சம்பவ இடத்தைப் பார்வையிடுவார், தனிப்படை அமைப்பார், பேட்டி கொடுப்பார். அவர் காரை விட்டு இறங்கும்போது சடலத்தின் மேல் துணி போர்த்தியாகிவிடும். சினிமாவுக்குச் சரி. சென்னையிலிருந்து வரும் சி.பி.சி.ஐ.டி. பெண் அதிகாரியையும் யோசித்தேன். அவர் வருவதற்குள் பிணம் எரிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். அது பழைய கேஸைத் தோண்டும் நாவல், ருசியே வேறு. அதோடு வெளியூர் ஆள் என்பதால் 'கச்சான் காற்று என்றால் என்ன?' என்று பக்கத்துக்குப் பக்கம் யாரையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். வாசகருக்குப் பாடம் நடத்த அது சுலபமான வழி. அந்தச் சுலபமே எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

மீதி மூன்று பேர்: மகளிர் நிலைய இன்ஸ்பெக்டர், மரைன் போலீஸ் எஸ்.ஐ., சாதாரண சட்டம் ஒழுங்கு நிலையத்தின் எஸ்.ஐ.

மகளிர் நிலையத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. 1992ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து இன்று வரை, தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் உள்ளறைக்குள் சட்டப்படி எட்டிப் பார்க்கும் ஜன்னல் அதுதான். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாக ஒரு முறை அப்படி ஒரு நிலையத்தில் முழு நாள் உட்கார்ந்திருந்தேன். வேப்ப மரத்தடியில் இரண்டு பெஞ்சு. ஒன்றில் பெண் வீட்டார், இன்னொன்றில் மாப்பிள்ளை வீட்டார். நடுவில் ஒரு குழந்தை இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் போய் இரண்டு பாட்டிகளிடமும் முறுக்கு வாங்கித் தின்றுகொண்டிருந்தது. உள்ளே மேஜை மேல், மனு வாங்கியதற்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதுப் புத்தகம். சாயங்காலம் நாலு மணிக்கு, "இனிமேல் எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டேன், மனைவியுடன் சேர்ந்து வாழச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அக்கா அந்தத் தாளை ஒரு தடவை படித்தார். படித்துவிட்டு, "போன தடவையும் இதேதான் எழுதுனாரு" என்றார். எழுத்து மாறாமல் இதேதான்.

ஒரு கொலை நாவலுக்கு இதைவிடப் பெரிய புதையல் உண்டா? அந்த நிலையத்து அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு சமரசத் தாளும், பின்னால் நடக்கப்போகும் ஒன்றுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த சாட்சி. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளும் அங்கேதான் வரும். குழந்தையிடம் வாக்குமூலம் பதியும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே இன்ஸ்பெக்டர் பீரோவில் ஒரு சுடிதார் மடித்து வைத்திருக்கிறார். அவர் அதை எடுத்து உடுத்தும் நாளில் ஸ்டேஷனில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். இப்படி ஒரு அத்தியாயம் மனதில் முழுசாக ஓடியது.

ஆனால் சித்தப்பா கேட்ட கேள்வி அப்படியே நின்றது. கொலைக் கேஸ் அந்த நிலையத்துக்கு வராது. கரையில் கிடக்கும் சடலத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடுவது அந்த எல்லையின் சட்டம் ஒழுங்கு நிலையம். இறந்தவள் கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் விசாரணையும் சேர்ந்துகொள்ளும். மகளிர் நிலைய இன்ஸ்பெக்டருக்கு இதில் என்ன இடம்? 'இந்தப் பெண் எங்களிடம் ஒரு முறை மனு கொடுத்திருக்கிறாள்' என்று ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டியதுதான். எல்லாம் தெரிந்தவர், எதுவும் செய்ய முடியாதவர். நல்ல பாத்திரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போலீஸ் நாவலின் நடுவில் அவரை நிறுத்தினால் முந்நூறு பக்கமும் அவர் தன் எல்லையை மீறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை மீறினால் அது துணிச்சல். பத்து முறை மீறினால் அவர் போலீஸ் வேடம் போட்ட தனியார் துப்பறிவாளர். அதைத்தான் நான் நாற்பது பக்கம் எழுதியிருந்தேன்.

அடுத்தது மரைன். இந்தக் கடற்கரைக்கு வந்துவிட்டு மரைன் போலீசை விடுவதா என்று எல்லாரும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994ல் ஆரம்பித்தது. 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு பெருத்தது. இன்று மாநிலக் கரை முழுக்க 42 மரைன் நிலையங்கள், 12 டன்னும் 5 டன்னுமாக ரோந்துப் படகுகள். காட்சிக்குப் பஞ்சமே இல்லை. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்கே நின்றபோது ஒரு முறை என் கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டது. 2022 மார்ச்சில் இலங்கை நெருக்கடி முற்றியபோது, தனுஷ்கோடிக்கு அருகில் உள்ள மணல் திட்டுகளில் கைக்குழந்தைகளோடு குடும்பங்களை இறக்கிவிட்டுப் போன படகுகள். 2023ல் மண்டபம் கடலில் கடத்தல்காரர்கள் வீசிவிட்டுப் போன தங்கத்தை முக்குளித்து எடுத்த சங்கதி. கடல் அட்டை, பீடி இலை, விரலி மஞ்சள், கஞ்சா. ஒரு நாவலுக்கு இது போதாதா?

போதும். போதுமானதற்கு மேலேயே இருக்கிறது, அதுதான் சிக்கல். இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். தங்கம் என்றால் சுங்கத்துறையும் வருவாய்ப் புலனாய்வும். கடல் அட்டை 2001லிருந்து வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் வனத்துறை. பீடி இலை கடத்தலில் போலீசின் உளவுப் பிரிவான கியூ பிரிவு வந்து உட்காரும். திட்டிலிருந்து மீட்ட குடும்பத்தை விசாரித்துவிட்டு மண்டபம் அகதிகள் முகாமுக்கு அனுப்ப வேண்டும். மரைன் எஸ்.ஐ. பிடிப்பார், ஒப்படைப்பார். மறுபடியும் பிடிப்பார், ஒப்படைப்பார். கேஸ் அவரிடம் தொடங்கும், ஆனால் முடிகிற இடத்தில் அவர் இருக்கமாட்டார். ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கரையேறும் நாயகியை வைத்து நல்ல சிறுகதைத் தொகுப்பு எழுதலாம்.

இன்னொன்று, என் சொந்த பலவீனம். அனுபவத்துக்காக ஒரு நாள் நாட்டுப்படகில் நண்டு வலை எடுக்கப் போனேன். கரை மறைவதற்குள் காலையில் தின்ற இட்லி கடலுக்குப் போய்விட்டது. படகுக்காரர் அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. "கரையைப் பாக்காதீங்க, தூரத்துத் தண்ணிய மட்டும் பாருங்க" என்று ஒரு புளிப்பு மிட்டாயை நீட்டினார். அதற்குப் பிறகு நான் பார்த்தது முழுக்கக் கடல்தான். எழுதியபோதும் அதுதான் நடந்தது. மரைன் எஸ்.ஐ.யை வைத்து எழுதிய இரண்டு மாதிரி அத்தியாயத்திலும் கடலைத் தவிர எதுவும் இல்லை. நாயகி சுற்றுலா வழிகாட்டி மாதிரி கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் மரைனை ஒதுக்கியபோது ஒரு விஷயத்தை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டேன். கடலில் மிதந்த சடலத்தை மரைன் போலீசார் மீட்டார்கள் என்று பேப்பரில் வரும். கரையில் கிடந்த சடலத்தை உள்ளூர் போலீசார் கைப்பற்றினார்கள் என்றும் வரும். அலை ஏறி இறங்கும் இடத்தில் கிடந்தால்? சித்தப்பா இதற்குக் கையால் பதில் சொன்னார். காலால் இப்படி ஒரு தள்ளு, அப்படி ஒரு தள்ளு என்று காட்டிவிட்டு, "நான் பாத்ததில்ல, கேள்விப்பட்டது" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். எந்த எல்லையில் குற்றம் நடந்தது என்று தெரியாவிட்டால் சம்பந்தப்பட்ட எல்லைகளில் எதன் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 198ஆம் பிரிவு சொல்கிறது. புகார் எல்லைக்கு வெளியே நடந்ததைப் பற்றியது என்றாலும் வாங்க மறுக்கக்கூடாது என்று 173 சொல்கிறது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கு ஈர மணலில் நிற்கும் இரண்டு ஏட்டுகளுக்குள் நடக்கும் பேச்சு வேறு. என் நாவலின் இரண்டாவது பக்கம் அந்தப் பேச்சுதான்.

அப்படியானால் மூன்றாமவள். சட்டம் ஒழுங்கு நிலையத்தில் நேரடித் தேர்வில் வந்த எஸ்.ஐ., வயது இருபத்தெட்டு. நான் முதலில் சீண்டவே இல்லை, ஏனென்றால் சாதாரணமாகத் தெரிந்தாள். கொலைக் கேஸில் விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர்தான், எஸ்.ஐ. இல்லை. இவள் புகாரை வாங்கி எஃப்.ஐ.ஆர். போடுவாள், இன்ஸ்பெக்டருக்குத் தகவல் சொல்வாள், அவர் வருகிறவரை இடத்தைக் காப்பாள். 'பொம்பளப் பிணம், பொம்பள எஸ்.ஐ.யக் கூப்பிடு' என்பதால் பிரேத விசாரணையில் கூட நிற்பாள். பெயர் எங்கேயும் பெரிதாக வராது.

சித்தப்பாதான் என் கண்ணைத் திறந்தார், அதுவும் வேறு எதையோ பேசும்போது. கேஸ் டைரியை எப்படி எழுதுவார்கள் என்று கேட்டிருந்தேன். விசாரணை அதிகாரி தன்மையில் எழுத வேண்டும்: 'தகவல் கிடைத்ததும் நான் சம்பவ இடம் சென்று, பஞ்சாயத்தார் முன்னிலையில் சடலத்தைப் பார்வையிட்டு...' என்று போகும். அதிகாரிக்குப் பந்தோபஸ்து, கோர்ட், மீட்டிங் என்று ஆயிரம் வேலை. உட்கார்ந்து எழுதுவது ரைட்டர், அல்லது எழுத்து நன்றாக வரும் எஸ்.ஐ. சித்தப்பா சொன்னார்: "எத்தன வருசமா 'நான்', 'நான்'னு எழுதியிருக்கேன் தெரியுமா? அதுல ஒரு நான்கூட நான் இல்ல தாயி."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாவல் அங்கேதான் இருந்தது. ஊர் ஊராகப் போய் விசாரிப்பவள் அவள். பாசி எடுக்கும் பெண்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசுகிறவள் அவள். பிறகு ஸ்டேஷனுக்கு வந்து, தான் பார்த்ததை, தன் மேலதிகாரி பார்த்ததாக, அவருடைய 'நானில்' எழுதுகிறவளும் அவளே. அவர் நல்லவர், கெட்டவர் என்பது பிரச்சினையே இல்லை. என் இன்ஸ்பெக்டரை நான் நல்லவராகத்தான் வைத்திருக்கிறேன். ஒரு நாள் எழுதும்போது அவள் ஒரு வாக்கியத்தில் தடுக்கி நிற்கிறாள்: 'நான் அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்த தழும்பைக் கவனித்தேன்.' கவனித்தது அவள். நாளைக்குக் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையில் பதில் சொல்லப்போவது அவர். அந்தத் தழும்பு இடது பக்கமா வலது பக்கமா என்று வக்கீல் கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? கதைக்கு வெளியிலிருந்து ஒரு மர்மமும் சேர்க்காமலே ஒரு கேஸ் இப்படி உடையும்.

நடைமுறையும் இவள் பக்கம்தான் கனமாக இருக்கிறது. 2024 ஜூலை 1லிருந்து புதிய மூன்று குற்றவியல் சட்டங்கள். கொலைக்கான பழைய 302 இப்போது 103, பிரேத விசாரணைக்கான பழைய 174 இப்போது 194. பெருசுகள் இன்னும் பழைய எண்ணைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். இவள் திருத்தவும் முடியாது, திருத்தாமலும் இருக்க முடியாது. ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ்.ஸின் 176(3). சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது 105. பிரேத விசாரணை அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மேலே போக வேண்டும். எல்லாம் நல்லதற்குத்தான். ஆனால் நிபுணர் வண்டி வருவதற்குள் தண்ணீர் ஏறுகிறது. சடலத்தைத் தொடக்கூடாது, தொடாவிட்டால் கடல் எடுத்துக்கொண்டு போய்விடும். அவள் கைபேசியில் வீடியோ ஓட்டிக்கொண்டே ஏட்டய்யாவிடம், "நாலு பேரப் புடிச்சு மேல ஏத்துங்கய்யா" என்கிறாள். தன் அப்பா வயசுள்ள ஏட்டய்யா, "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நகராமல் நிற்கிறார். அவர் நின்றது பிடிவாதத்தாலா, விவரம் தெரிந்ததாலா என்று வாசகருக்கு நூறு பக்கம் கழித்துத்தான் தெரியும்.

ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். இறந்தவள் பட்டியல் சாதிப் பெண், சந்தேக நபர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவன் என்று கதை திரும்பினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேரும். அப்போது விசாரணை டி.எஸ்.பி. கைக்குப் போயாக வேண்டும். 1995 விதிகளில் 7ஆவது விதி. இந்த மாவட்டத்தில் கதை எழுதிவிட்டுச் சாதியைத் தொடாமல் போனால் அது கதையே இல்லை. ஆக, பாதி நாவலில் கோப்பு இவள் மேஜையை விட்டுப் போய்விடும். முதலில் பயந்தேன். பிறகு யோசித்தால், கோப்பு போகும், ஆள் எங்கே போகிறாள்? டி.எஸ்.பி.க்கும் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். 'நான்' மட்டும் மாறுகிறது.

'மூவரையும் ஒருத்தியாக்கிவிடேன், மகளிர் நிலையத்தில் மூன்று வருடம், மரைனில் இரண்டு வருடம், இப்போது இங்கே' என்றாள் என் வாசிப்புத் தோழி. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் தெரிந்த நாயகி யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. கேட்கப் போகாத போலீஸ்காரிக்கு நாவல் எதற்கு? மகளிர் நிலைய இன்ஸ்பெக்டர் தனி ஆளாகவே இருக்கட்டும். அந்தச் சமரசத் தாளைத் தேடி இவள் அங்கே போய், வேப்ப மரத்தடி பெஞ்சில் மற்ற பெண்களோடு காத்திருக்கட்டும்.

போஸ்டிங் முடிவானதும் காலம். இதிலும் இரண்டு வழி. ஒன்று செப்டம்பர் 11லிருந்து அக்டோபர் 30 வரையிலான நாட்கள். பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், பசும்பொன்னில் தேவர் குருபூஜை. தடை உத்தரவு, வெளிமாவட்டப் போலீஸ், சோதனைச் சாவடி. ஸ்டேஷனில் பாரா பார்க்கிறவரைத் தவிர ஆளே இருக்காது. அந்த நேரத்தில் ஒரு பிணம் விழுந்தால் எஸ்.ஐ. தனியாள். பரபரப்பு இருக்கிறது, ஆனால் அந்தப் பின்னணி கதையை விழுங்கிவிடும். அதை எழுத வேண்டியவர்கள் அதையே மையமாக வைத்து எழுதட்டும்.

நான் எடுத்துக்கொண்டது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். துப்பறியும் கதைக்காரர்கள் பூட்டிய அறைக்கு ஏங்குவார்கள்; இங்கே அரசாங்கமே ஒரு கடலைப் பூட்டித் தருகிறது! விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகு மட்டும் போகும், அதுவும் ரொம்ப தூரம் போகாது. மற்ற நாளில் கடலுக்குப் போகும் விசைப்படகு மீன்துறை டோக்கன் வாங்கிக்கொண்டு போகும். டோக்கன் கணக்கைப் பார்த்தால் அன்று யார் யார் கடலில் இருந்தார்கள் என்று தெரியும். தடைக்காலத்தில் டோக்கனே கிடையாது. எந்த விசைப்படகும் போகவில்லை என்று காகிதம் சொல்கிறது. பிணத்தின் மேல் சுற்றியிருப்பதோ விசைப்படகில் மட்டும் இருக்கும் தடித்த மடிக் கயிறு.

அதோடு தடைக்காலத்தில்தான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். பழைய பெயிண்டைச் சுரண்டுவார்கள், பலகை மாற்றுவார்கள், புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். ஊர் முழுக்கப் பெயிண்டும் டீசலும் மணக்கும். ஊரே சேர்ந்து, கள்ளம் கபடம் இல்லாமல், தடயங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. அவளுக்குச் சந்தேகப்படவும் வழியில்லை, ஏனென்றால் எல்லாப் படகும் புதுசாகிறது. ஜூன் 14 நள்ளிரவு தாண்டினால் அத்தனையும் கடலுக்குப் போய்விடும். எனக்குக் கெடு வைக்கத் தனியாக ஒரு வில்லன் தேவைப்படவில்லை. மீன்துறை நாட்காட்டியே வைத்துக் கொடுத்தது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராமேசுவரத்தைத் தவிர்த்தேன். லாட்ஜில் இறந்துபோகும் வெளியூர் யாத்திரிகர் என்றால் அது அடையாளம் தேடும் கதை; ஊருக்குள் நுழையவே மாட்டோம். கீழக்கரை மேல் ஆசை ரொம்ப இருந்தது. அந்தக் குறுகிய சந்துகள், கல்யாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டிலேயே இருக்கும் பெண்கள், வெளிநாட்டில் சம்பாதிக்கும் ஆண்கள். ஆனால் அந்த வீடுகளின் உள்பேச்சை அங்கே பிறந்து வளர்ந்தவர்கள்தான் எழுத வேண்டும். நான் எழுதினால் அந்த ஊர்ப் பலகாரமான தொதலின் இனிப்பை மட்டும் எழுதிவிட்டு வருவேன்.

மிச்சம் இருப்பது வடக்கா தெற்கா. தனுஷ்கோடியில் கேட்டால் வடக்கே பாக் நீரிணை பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல் என்பார்கள். பெண் கடல் அமைதியானது, ஆழமில்லாதது. நான் பெண் கடலை எடுத்துக்கொண்டேன். அமைதியான கடலில் ஒரு சடலம் எவ்வளவு தூரம் போகும், எத்தனை நாளில் மேலே வரும், எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் ஒதுங்கும் என்று சொல்ல ஊரில் ஒரு கிழவர் இருப்பார். என் நாவலிலும் இருக்கிறார். சடலத்தைப் பார்த்ததும், "இது இங்க விழுந்தது இல்ல, வடக்க விழுந்தது, நாலு நாளாச்சு" என்கிறார். தொடை எலும்பை, நீரில் வாழும் நுண்பாசியைத் தேடும் டயாட்டம் சோதனைக்கு அனுப்பி, தண்ணீர் குடித்துச் செத்தாளா, செத்த பிறகு தண்ணீரில் போட்டார்களா என்று அறிக்கை வருவதற்குள் வாரங்கள் ஓடும். கிழவருக்கு அரை நிமிடம்தான் ஆனது.

ஆனால் அதைக் கேஸ் டைரியில் எப்படி எழுதுவாள்? நிபுணர் கருத்தைப் பற்றிச் சொல்லும் புதிய சாட்சியச் சட்டத்தின் 39ஆம் பிரிவில், அறிவியல், கலை என்ற பழைய பட்டியலோடு 'வேறு எந்தத் துறையும்' என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அறுபது வருடம் கடலுக்குப் போன ஒரு மனிதர் அந்த 'வேறு எந்தத் துறையில்' அடங்குவாரா? பள்ளிக்கூடம் போகாத, ரேகை வைக்கும் ஒருவரை நிபுணர் என்று கூண்டில் ஏற்ற எந்த அரசு வக்கீல் துணிவார்? எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டேன். சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாராவது ஒருத்தர் முயற்சி பண்ணிப் பாக்கணும்" என்றார். என் எஸ்.ஐ. முயற்சி பண்ணுகிறாள். அதற்கு நூற்றிருபது பக்கம் ஆகிறது.

போன வாரம் புது முதல் அத்தியாயத்தைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். இந்த முறை பன்னிரண்டு பக்கம் தொடர்ந்து படித்தார், டீ ஆறிப்போனது. கடைசியில் பேனாவை வாங்கி, எஃப்.ஐ.ஆர். போட்ட நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டார்.

"அஞ்சரைக்குப் பிணத்தப் பாக்குறாக. ஏழு மணிக்கு எஃப்.ஐ.ஆர்.னு போட்டிருக்க. புகார் யாரு குடுத்தா?"

"பார்த்த மீனவர் கொடுத்தார் சித்தப்பா."

"அவன் எதுக்குத் தாயி குடுக்கப் போறான்? வலைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருவான். அடையாளம் தெரியாத பிணம்னா வி.ஏ.ஓ. வந்து எழுதிக் குடுக்கணும். அவரு அந்நேரத்துக்கு ஊர்லயா இருப்பாரு? ராமநாதபுரத்துல இருந்து பஸ் ஏறி வரணும்ல?"

ஆக, எஃப்.ஐ.ஆர். நேரம் ஒன்பதேகால் ஆகியிருக்கிறது. நடுவில் இரண்டேகால் மணி நேரம் புதிதாகக் கிடைத்திருக்கிறது, அதில் என்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வி.ஏ.ஓ.வுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.